மீட்கச் செல்பவரைக் காத்தவர்

பூந்தமல்லியைக் கடந்து திருமழிசை வழியே செல்லும் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இரவிலும் பகலிலும் வாகன ஓட்டம் ஓய்வதில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது இச்சாலையின் சுமை மேலும் கூடியது. இங்கே விபத்து நேர்ந்தால் விரைந்து வந்து நிற்பவர் காவலர். அடிபட்டவரைத் தூக்குவதும், கூட்டத்தை விலக்குவதும், நொறுங்கிய வாகனத்தை அப்புறப்படுத்துவதும் அவர் பணி. அவர் குனிந்து நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த முதுகைக் காப்பது யாருடைய பொறுப்பு?

இக்கேள்வி எழும்போதெல்லாம் காரெட் மார்கன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது. போக்குவரத்து சிக்னலின் வரலாற்றில் அவர் பெயர் தவறாமல் இடம்பெறும். ஆனால், மீட்கச் செல்பவரின் உயிரைப் பற்றி அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

1877 மார்ச் 4 அன்று கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர் மார்கன். பெற்றோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டுப் பதின்ம வயதிலேயே பிழைப்பு தேடிப் புறப்பட்டார். 1895-இல் கிளீவ்லாந்து நகருக்கு வந்து, தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். 1907-இல் சொந்தக் கடை திறந்தார்.

புகையில் மூச்சுத் திணறும் தீயணைப்பு வீரர்களுக்காக அவர் ஒரு முகமூடி செய்தார். புகை மேலே எழும், தரையை ஒட்டிய காற்று ஓரளவு தூய்மையாக இருக்கும் என்பதே அதன் அடிப்படை. தலையை மூடும் உறையிலிருந்து நீண்ட குழாய்கள் தரைவரை இறங்கின. 1914-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால், கறுப்பினத்தவர் கண்டுபிடித்த கருவியை வாங்கப் பலர் தயங்கினர். எனவே, வெள்ளையர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்கவைத்துவிட்டு, மார்கன் தாமே வேறு வேடமிட்டு, புகை நிறைந்த கூடாரத்துக்குள் நுழைந்து கருவியின் திறனைக் காட்ட வேண்டியிருந்தது.

1916 ஜூலை 24 அன்று ஈரி ஏரிக்கு அடியில் தோண்டப்பட்டுவந்த குடிநீர்ச் சுரங்கத்தில் வாயு வெடித்தது. உள்ளே சிக்கியவர்களை மீட்க இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து இறங்கின. அவர்களிடம் துணிவு இருந்தது. நச்சுக் காற்றிலிருந்து காக்கும் கருவி இல்லை. மீட்கப் போனவர்களிலும் பலர் மாண்டனர். அதன்பிறகே மார்கனுக்கு அழைப்பு போனது. அவரும் சகோதரர் ஃபிராங்கும் தங்கள் முகமூடிகளுடன் இறங்கி, உயிருடன் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தனர். வீரப் பதக்கங்கள் பிறருக்குச் சென்றன. அவருடைய நிறம் செய்தித்தாள் படங்களால் தெரியவந்ததும், சில ஊர்களின் தீயணைப்புத் துறைகள் முகமூடி வாங்கும் ஆணைகளை ரத்து செய்தன.

பொருளியல் ஆசிரியனாக நான் நின்று யோசிப்பது இவ்விடத்தில்தான். அந்த ஆணைகளை ரத்து செய்தவர்கள் புகைக்குள் போகப்போவதில்லை. முடிவு ஒருவருடையது, அதன் விலையைச் செலுத்தும் நுரையீரல் இன்னொருவருடையது. இத்தகைய செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. அதனாலேயே அது தொடர்கிறது.

காவலரின் நிலையும் இதுவே. 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்ட உலகின் முதல் போக்குவரத்து சிக்னல் எரிவாயு விளக்கில் இயங்கியது. அடுத்த மாதமே வாயுக் கசிவால் அது வெடித்து, இயக்கிய காவலர் காயமுற்றார். 1914 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் வைக்கப்பட்ட மின் சிக்னலோ, சாலையோரச் சாவடியிலிருந்து காவலரால் இயக்கப்பட்டது. அதே நகரில் விபத்தொன்றைக் கண்டு சிந்தித்த மார்கன், கையால் இயக்கும் மூன்று நிலை சிக்னலை உருவாக்கினார். நாற்புறமும் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஓர் இடைநிலை அதன் சிறப்பு. 1923 நவம்பர் 20 அன்று காப்புரிமை பெற்ற அதனை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. முதுமையில் பெரும்பாலும் பார்வையிழந்த மார்கன், 1963 ஜூலை 27 அன்று காலமானார். கிளீவ்லாந்தின் குடிநீர் நிலையம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அச்சுரங்கத்தின் பாடம் நம் நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டு விநாடி ஆனால்கூட, வேகம் குறையத் தொடங்கும் முன்பே 44 மீட்டர் போய்விடும். விபத்து நடந்த இடத்துக்கு அருகில் நான்கு கூம்புகளை வைத்துப் பயனில்லை. எச்சரிக்கை வெகுதொலைவிலேயே தொடங்க வேண்டும். ரோந்து வாகனம் விபத்திடத்துக்கு முன்னதாகவே, வரும் வண்டிகளை மறித்து அரணாக நிற்க வேண்டும். ஒருவர் மீட்பில் ஈடுபடும்போது இன்னொருவர் வரும் வாகனங்களை மட்டுமே கவனிக்க வேண்டும். ஒளிரும் மேற்சட்டை ஒவ்வொரு காவலருக்கும் வேண்டும். விசாரணைக் குறிப்புகளை எழுதும் வேலையைச் சாலையை விட்டு விலகிச் செய்யலாம்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், சாலையோரம் நிற்கும் அவசர ஊர்தியைக் கண்டால் தடம் மாற வேண்டும் அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் செலவு வைக்கிறது. விரையும் ஊர்திக்குத் தரும் அம்மதிப்பை, சாலையில் நின்று பணியாற்றும் காவலருக்கும் ஓட்டுநர்கள் தர வேண்டும். ஓட்டுநர் உரிமம் வழங்கும்போதே இது கற்பிக்கப்பட வேண்டும்.

பணியில் உயிரிழந்த காவலரின் குடும்பத்துக்கு அரசு நிதி தருகிறது, மரியாதை செலுத்துகிறது. அவை தேவை. ஆனால், அந்நிதியில் மிகச் சிறிய பங்கே ஒரு ரோந்து வாகனத்துக்கு வேண்டிய கூம்புகளுக்கும் விளக்குகளுக்கும் சட்டைகளுக்கும் ஆகும். அச்செலவை முன்கூட்டியே செய்வதுதான் காவலருக்கு நாம் காட்டும் உண்மையான நன்றி.