முறுக்கிய மூன்று சங்கிலிகள்

எங்கள் மல்லாங்கிணற்றில் கொட்டுக்கு முன் தப்பை வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். ஈரம் நீங்கித் தோல் விறைக்கும். அந்தத் தோலுக்கு வலுத் தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவத்தைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஜி. என். இராமச்சந்திரன்.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் கோபிநாத் கர்த்தாவுடன் வெளியிட்ட முடிவு: கயிறுபோல் முறுக்கிய மூன்று சங்கிலிகள். ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. நடுவே வேறெதற்கும் இடமில்லை! கொதிக்க வைத்தால் முறுக்கு அவிழும். ஆட்டுக்கால் சாறு ஆறியதும் கட்டியாவது அதனால்தான்.

1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் அவரது அமைப்பில் அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளதாகக் குறை கூறினர். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதையே ஆராயத் தொடங்கினார். வாதாடுவதைவிட இது கடினம். என் கண்ணுக்கு இதுவே பெரிது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு திருப்புக் கோணங்கள்; அணுக்கள் முட்டாத கோணங்களை மட்டும் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963-இல் படமாக்கினார். சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். சைனும் கொசைனும் எதற்கென்று அப்பா கேட்டால் இனி இதைச் சொல்வேன்.

2001-இல் சென்னையில் அவர் மறைந்தார். புதிய புரத அமைப்பு எதையும் இன்றும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.