எட்டயபுரத்துப் பாலுசாமி தீட்சிதர்

நாங்குநேரியிலிருந்து நெல்லை வழியே எட்டயபுரம் செல்லும் நம் வட்டத்துக் கவிஞர்கள் பாரதி பிறந்த இல்லத்தைக் கண்டு திரும்புவர். இசையில் நாட்டமுடையோர் முத்துசாமி தீட்சிதரின் சமாதிவரை செல்வர். அவ்வூர் அரசவையை அணிசெய்த அவர்தம் தம்பியை நினைப்போர் மிகச் சிலரே. வயலின் இன்றிக் கருநாடக இசையரங்கு இல்லை என்னும் இன்றைய நிலைக்கு வித்திட்டவர் அந்தத் தம்பி.

பாலுசாமி தீட்சிதர் 1786-இல் இராமசாமி தீட்சிதரின் இளைய மைந்தராகப் பிறந்தார். பாட்டும் வீணையும் குடும்பச் செல்வம். சென்னையை அடுத்த மணலியில், ஆங்கிலக் கம்பெனியின் துபாஷியாயிருந்த முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அக்குடும்பம் சில காலம் வாழ்ந்தது. அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கச் செய்தார்.

கேட்ட இசை ஒன்றே, கொண்டது வேறு. அண்ணன் மெட்டுகளைக் கொண்டார். ஆங்கிலேயரின் அரச வாழ்த்தும் அயர்லாந்தின் ஆடற்பாட்டும் அவர் கையில் வடமொழித் துதிகளாயின. நோட்டுசுவரம் எனப்படும் அவை இனியவை. எனினும் அவருடைய பெருங்கீர்த்தனைகளுக்கு முன் அவற்றை விளையாட்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. தம்பியோ மெட்டுகளை விட்டுக் கருவியைக் கொண்டார். முதலியார் அமர்த்திய ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டு வயலின் பயின்று, அதில் நம் இராகங்களை வாசித்தார்.

பியானோவும் கடல் கடந்து வந்ததுதான். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரமே உண்டு. சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் கமகத்திற்கு அங்கே இடமில்லை. வயலினுக்கு மெட்டுக்கட்டைகள் இல்லை. விரல் விரும்பியவாறு நகரலாம். வயலினின் பெரிய உறவான செல்லோவுக்கும் இவ்வியல்பு உண்டு. ஆயினும் அதன் தாழ்ந்த குரலைவிட, பாடகர் குரலை ஒட்டிச் செல்லும் வயலினே நம் மேடைக்கு இசைந்தது. மேலை நாட்டார் நின்று தோளில் ஏந்தும் கருவியை நம்மவர் தரையில் அமர்ந்து, மார்பிற்கும் வலப் பாதத்திற்கும் இடையே சாய்த்து, தந்திகளையும் சட்சம், பஞ்சமம் எனச் சுருதி மாற்றி வாசிக்கலாயினர்.

வயலினைக் கொணர்ந்த பெருமை தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கே உரியதென்பாரும் உளர். சுவாதித் திருநாளிடம் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றவர் அவர். ஆனால் பாலுசாமிக்கு 24 ஆண்டு இளையவர்.

இடையண்ணன் சின்னசாமி மதுரையில் காலமான பின், எட்டயபுரம் அரசர் பாலுசாமியைச் சமஸ்தான வித்துவானாக ஏற்றார். தம்பியைத் தேடி வந்த முத்துசாமி தீட்சிதர், 1835 தீபாவளியன்று அவ்வூரிலேயே உயிர்நீத்தார். அண்ணன் விட்டுச்சென்ற கீர்த்தனைகள் பல நூறு. பாலுசாமியின் வாசிப்போ கேட்டவர்களோடு மறைந்தது.

ஆண்மகவு இல்லாத அவர் மகள் வயிற்றுப் பேரரான சுப்பராமரைச் சுவீகாரம் கொண்டு வளர்த்தார். அப்பிள்ளையே 1904-இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை எட்டயபுரத்தில் அச்சேற்றி, பெரியவரின் கீர்த்தனைகளோடு பாலுசாமியின் வரலாற்றையும் அதில் சேர்த்தார். சுப்பராமர் 1906-இல் மறைந்தபோது இரங்கற்பா பாடியவர் நம் பாரதி.