கலைக்கோயில் கண்ட ஆசுதோஷர்

இந்நாளில் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில் 1857-ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே தொடக்கத்தில் அதன் பணி. பாடம் கற்பித்தலைக் கல்லூரிகளே மேற்கொண்டிருந்தன. அதனை ஆராய்ச்சி வளரும் கலைக்கோயிலாக உயர்த்திய பெருமகனார் சர் ஆசுதோஷ் முகர்ஜி ஆவார்.

ஆசுதோஷர் 1864-ஆம் ஆண்டு சூன் 29-ஆம் நாள் மருத்துவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். கணிதவியலில் பேரார்வம் கொண்ட அவர், 1885-இல் அத்துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று, 1904-இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1906-இல் துணைவேந்தர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. இரு பணிகளையும் அவர் சோர்வின்றி ஆற்றினார்.

வழக்கறிஞர்களாகிய தாரகநாத பாலிதரும் ராஷ்பிகாரி கோஷும் தாம் ஈட்டிய செல்வத்தைப் பல்கலைக்கழகத்திற்கு வாரி வழங்கினர். அதன் பயனாக, 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு ஆசுதோஷர் அடிக்கல் நாட்டினார். கட்டடம் மட்டும் அமைந்தாற் போதுமா? கற்பிக்கும் சான்றோரும் வேண்டுமன்றோ? ஆகவே, தக்காரைத் தேடலானார்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இராமன் அக்காலத்தில் கல்கத்தாவில் அரசின் நிதித்துறை அலுவலராக இருந்தார். ஓய்வு நேரங்களில் ஆராய்ச்சி செய்துவந்தார். பேராசிரியராக வருபவர் அயல்நாட்டுப் பயிற்சி பெறுதல் வேண்டும் என்பது விதி. இராமன் அதற்கு இசையவில்லை. அவரது தகுதியை நன்குணர்ந்த ஆசுதோஷர், அவ்விதி தளர்த்தப்படுமாறு செய்தார். 1917-இல் இராமன் உயர்ந்த ஊதியத்தைத் துறந்து பேராசிரியரானார். மேகநாத சாகா, சத்தியேந்திரநாத போஸ் ஆகிய இளைஞர்களும் அக்கல்லூரியில் விரிவுரையாளராயினர்.

1921-இல் ஆசுதோஷர் மீண்டும் துணைவேந்தரானபோது, பல்கலைக்கழகம் பொருள் முட்டுப்பாட்டில் உழன்றது. 1922-இல் அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால், கழகத்தின் உரிமையைக் குறைக்கும் நிபந்தனைகளையும் உடன் விதித்தது. பொருளை ஏற்றால் தொல்லை தீரும், உரிமை போகும். மறுத்தால் உரிமை நிற்கும், வறுமை தொடரும். ஆசுதோஷர் உரிமையையே உயிரெனக் கருதினார். பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையும் அவர்வழி நின்று அப்பொருளை ஏற்க மறுத்தது. மறு ஆண்டு, அரசை எதிர்த்தலாகாது என்னும் நிபந்தனையுடன் பதவி நீட்டிப்புத் தர ஆளுநர் லிட்டன் முன்வந்தார். அப்பதவியையும் வேண்டாவென ஒதுக்கினார் ஆசுதோஷர். வங்கப் புலி என மக்கள் அவரைப் போற்றியது பொருத்தமே.

1924-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் பாட்னா நகரில் அவர் மறைந்தார். இராமன் 1928-இல் ஒளிச்சிதறல் பற்றிக் கண்ட உண்மையையும், அதற்காக 1930-இல் பெற்ற நோபல் பரிசையும் காண அவர் இருந்திலர். ஆயினும், அப்பயிர் செழிக்க நிலம் திருத்தியவர் அவரேயாவார். மாணவர்களே! அறிவு வளர்வதற்குப் பொருள் வேண்டும்; அதனினும் மேலாக உரிமை வேண்டும். ஆசுதோஷர் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.