மைதானமும் மருத்துவமும்

"பந்தா, படிப்பா? ஒன்றைத் தேர்ந்தெடு!" என்று கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. விலங்கியல் பயின்றுகொண்டே மாலையில் மைதானத்திற்கு ஓடும் எனக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. இதற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஒருவரை மாணவ நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர்தாம் அமெரிக்க நாட்டு டாக்டர் ஹென்றி வில்லியம்ஸ்.

1869-ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த வில்லியம்ஸ், யேல் பல்கலைக் கழகத்தில் பயின்று 1891-இல் பட்டம் பெற்றார். தடை ஓட்டத்திலும் கால்பந்திலும் அவர் சிறந்து விளங்கினார். அமெரிக்கர் ஆடும் கால்பந்து நாம் ஆடுவது போன்றதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதித் தள்ளி முன்னேறும் முரட்டு ஆட்டம் அது.

அதே 1891-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணிக்கு அவர் பயிற்சியளித்தார். முந்தைய ஆண்டு கடற்படையிடம் தோற்ற அவ்வணி, இம்முறை 32-16 என்று வென்றது. இந்த வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று 1895-இல் டாக்டரானார். இடையில், 1893-இல், ஸ்டாக் என்பவருடன் சேர்ந்து கால்பந்து பற்றி ஒரு நூலும் எழுதினார். உடற்கூற்று நூலைப் புரட்டிய கை, ஆட்ட நூலையும் எழுதியது!

1900-இல் மின்னசோட்டா பல்கலைக் கழகம் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. மினியாபொலிஸ் நகரில் மருத்துவத் தொழிலையும் நடத்திக்கொண்டே 22 பருவங்கள் அணியை நடத்தினார். 1903-இல், தொடர் வெற்றிகளோடு வந்த மிச்சிகன் அணியை 6-6 என்று தடுத்து நிறுத்தினார். பந்து ஆட்டத்திற்கு வரும் நொடிக்குச் சற்று முன் வீரர்கள் சட்டென இடம் மாறும் உத்தியை வகுத்தவரும் அவரே. 'மின்னசோட்டா மாற்றம்' என்ற பெயரில் பிற அணிகளும் அதைக் கைக்கொண்டன.

1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த ஆட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். ஆட்டத்தையே தடை செய்யவேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. பந்தை முன்னோக்கி வீசலாம் என்ற விதியைக் கொண்டுவர வேண்டுமென வாதாடியவர்களுள் வில்லியம்ஸும் ஒருவர். 1906-இல் அவ்விதி ஏற்கப்பட்டது. ஓரிடத்தில் குவிந்து மோதிய ஆட்டம் மைதானமெங்கும் விரியத் தொடங்கியது.

வெற்றி எவருக்கும் நிலையானதன்று. 1920-இல் அவருடைய அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. 1921-உடன் அவரது பயிற்சிப் பணி முடிவுற்றது. மைதானம் விடைகொடுத்த அந்நாளிலும் மருத்துவம் அவர் கையில் இருந்தது. 1931-இல் அவர் மறைந்தார். 1951-இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

பந்தை உதறிவிட்டு அவர் படிக்கவில்லை. படிப்பை உதறிவிட்டு ஆடவும் இல்லை. நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் அடுத்த முறை அக்கேள்வியை எழுப்பும்போது, தேர்வு மதிப்பெண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, இந்த டாக்டரின் கதையைப் பணிவோடு சொல்வோம்!