சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851 - 1930)
சட்டத்தரணி, சட்ட நிரூபண சபை உறுப்பினர், தேர்தலில் வென்ற முதல் இலங்கையர் பிரதிநிதி



க.பொ.த. சாதாரணதர வரலாறு வினாத்தாளில் அரசியல் சீர்திருத்தங்கள் பற்றி வினவப்படும்போது பலர் ஆண்டுகளையும் உறுப்பினர் தொகையையும் மட்டும் மனனஞ் செய்து எழுதுகின்றனர். அச்சீர்திருத்தங்கள் ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வாறு வந்து போயின என்பதை விளங்கிக்கொண்டால் எண்கள் தாமாகவே நினைவில் நிற்கும். அதற்குப் பொருத்தமானவர் சேர் பொன். இராமநாதன் ஆவார். 1879இல் நியமன உறுப்பினராகச் சபைக்குள் நுழைந்த அவர் 1930இல் இறக்கும்போதும் உறுப்பினராகவே இருந்தார். இடைப்பட்ட காலத்தில் சபை மூன்று முறை மாற்றியமைக்கப்பட்டது.

1. இளமையும் தொழிலும்

இராமநாதன் 1851 ஏப்ரல் 16ஆந் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த சேர் முத்துக்குமாரசுவாமி இவருடைய தாய்மாமனார். சேர் பொன். அருணாசலம் இவரது இளைய சகோதரர். பரீட்சையில் இவ்விருவரையும் மாறி எழுதிப் புள்ளிகளை இழப்பவர்கள் பலர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவர் (1919) அருணாசலம் ஆவார், இராமநாதன் அல்லர்.

கொழும்பிலும் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் கற்ற இராமநாதன், சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டம் பயின்று அத்துவக்காத்து ஆனார். உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டமையால் சட்டத்துறையில் இவருடைய பெயர் நிலைத்தது.

2. நியமன உறுப்பினர் (1879)

1879இல் முத்துக்குமாரசுவாமி காலமானார். அக்காலத்தில் தேர்தல் கிடையாது. இனத்துக்கு ஒருவரெனத் தேசாதிபதியே உறுப்பினர்களை நியமித்தார். வெற்றிடத்துக்குக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்ற சட்டத்தரணியின் பெயரும் இராமநாதனின் பெயரும் பேசப்பட்டன. தமது வாழ்நாளின் கடைசி ஆண்டில் இருந்த ஆறுமுக நாவலர் இராமநாதனை ஆதரித்தார். வாக்குச்சீட்டு இல்லாவிடினும் பொதுமக்கள் கருத்தைத் திரட்டித் தேசாதிபதிக்கு அறிவிக்கும் முயற்சி நடந்தது என்பதைக் கவனியுங்கள். 28 வயதில் இராமநாதன் உறுப்பினரானார்.

இக்காலத்தில் அவர் கூறிய ஒரு கருத்து பிற்காலத்தில் பெரும் விவாதமாயிற்று. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1885இல் சபையில் வாதிட்ட அவர், 1888இல் அதனை ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். சோனகர் இதனை ஏற்கவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் பின்னர் மறுப்பு நூல் எழுதினார். 1889இல் முஸ்லிம்களுக்கும் கண்டியச் சிங்களவருக்கும் தனித்தனி ஆசனங்கள் வழங்கப்பட்டன.

3. சொலிசிற்றர் ஜெனரல்

1890களின் தொடக்கத்தில் இராமநாதன் சபையை விட்டு விலகி அரசாங்கத்தின் சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்றார். அரசின் சார்பில் வழக்குகளை நடத்துவதும் அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும் இப்பதவியின் கடமைகளாகும். பதில் சட்டமா அதிபராகவும் பல தடவை கடமையாற்றினார். 1906இல் ஓய்வு பெற்றார். அரசுக்காக வாதாடிய இவரே பிற்காலத்தில் அதே அரசுக்கு எதிராக வாதாட நேர்ந்தது.

4. முதலாவது தேர்தல் (1911)

குறூ - மக்கலம் சீர்திருத்தத்தின்படி சபையின் உறுப்பினர் தொகை 21 ஆயிற்று. உத்தியோகத்தர் 11 பேர். உத்தியோகப்பற்றற்றோர் 10 பேர். இப்பத்துப் பேரில் நால்வர் மாத்திரமே தேர்தல் மூலம் வரலாம். ஐரோப்பியருக்கு 2, பறங்கியருக்கு 1, படித்த இலங்கையருக்கு 1 என அவை பகிரப்பட்டன.

1911இன் இறுதியில் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் இராமநாதனும் வைத்திய கலாநிதி மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். நாட்டின் சனத்தொகை சுமார் 41 இலட்சம். வாக்காளரோ ஏறத்தாழ 3000 பேர் மட்டுமே. அவர்களுள் சிங்களவரே கூடுதலானோர். எனினும் தமிழரான இராமநாதன் வெற்றி பெற்றார்.

இவ்வெற்றிக்குக் காரணம் இன ஒற்றுமை என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. இராமநாதனின் அனுபவமும் நன்மதிப்பும் ஒரு காரணம். சிங்களவரிடையே நிலவிய சாதிப் போட்டி மற்றொரு காரணம். மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் வெல்வதை விரும்பாத கொவிகம உயர்குழாத்தினர் பலர் இராமநாதனை ஆதரித்தனர். 1917இல் இராமநாதன் மீண்டும் அதே ஆசனத்துக்குத் தெரிவானார்.

5. 1915ஆம் ஆண்டுக் கலவரம்

1915 மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஆரம்பித்த கலவரம் பல இடங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் ஜூன் 2இல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் அடங்கிய பின்னரும் அச்சட்டம் நீடித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலியோர் சிறையிடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7இல் மரண தண்டனைக்குள்ளானார்.

பேசுவதற்குப் பலரும் அஞ்சிய வேளையில் இராமநாதன் சபையில் எழுந்து அரசாங்கத்தின் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிக் கண்டித்தார். சட்டம் அறிந்தவர் ஆதலால் இராணுவச் சட்டத்தின் எல்லை எதுவென அவரால் ஆதாரத்துடன் கூற முடிந்தது. முதலாம் உலக யுத்தத்தின் ஆபத்து நிறைந்த காலத்தில் இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இலண்டனில் இது பற்றி நூலொன்றும் வெளியிட்டார். நாடு திரும்பிய அவரைக் கொழும்பில் சிங்கள மக்கள் வரவேற்று, குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

அதேவேளை, பாதிக்கப்பட்ட முஸ்லிம்களின் துயரை அவர் போதியளவு பேசவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தவரிடம் இருந்தது. இரு பக்கத்தையும் குறிப்பிடுவதே நல்ல விடையாகும்.

6. பிற்காலம்

1920ஆம் ஆண்டின் மனிங் சீர்திருத்தத்தில் சபை 37 உறுப்பினரைக் கொண்டதாயிற்று. 1921இல் இராமநாதன் நியமன உறுப்பினரானார். சேர் பட்டமும் பெற்றார். 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் சபை 49 உறுப்பினரைக் கொண்டது. அவ்வாண்டுத் தேர்தலில் வட மாகாணத்தின் வடபகுதித் தொகுதியிலிருந்து இராமநாதன் தெரிவானார். நாடு முழுவதற்குமான ஆசனத்தில் வென்றவர் இப்போது வடக்கின் பிரதிநிதியாக நின்றார். இதற்கிடையில் 1921இல் அருணாசலமும் காங்கிரசிலிருந்து விலகியிருந்தார். சகோதரர் இருவரின் இம்மாற்றம், சிங்கள - தமிழ்த் தலைவர்களின் ஒற்றுமை தளர்ந்தமையைக் காட்டுகிறது.

1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கவும் சர்வசன வாக்குரிமையை வழங்கவும் சிபாரிசு செய்தது. இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். எண்ணிக்கையை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் சிறுபான்மையினர் நிரந்தரமாகத் தோற்கடிக்கப்படுவர் என அஞ்சினார். பின்வந்த காலத்தை அறிந்த நாம் இவ்வச்சத்தைக் காரணமற்றது எனத் தள்ளிவிட முடியாது. ஆனால் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்பட்டோருக்கும் வாக்குரிமை வழங்குவதையும் அவர் ஏற்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கென 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவியவரும் இவரே என்பதை இங்கு எண்ணிப் பாருங்கள். கல்வி வேறு, ஆட்சியில் பங்கு வேறு என்பது அவர் நிலைப்பாடு.

1929 டிசம்பரில் டொனமூர்த் திட்டம் சபையில் 19க்கு 17 என்ற வாக்குகளால் மயிரிழையில் நிறைவேறியது. 1930இல் இராமநாதன் இலண்டன் சென்று தமது எதிர்ப்பை மகஜராகச் சமர்ப்பித்தார். பயன் கிட்டவில்லை. அவ்வாண்டு நவம்பர் 26ஆந் திகதி தமது 79ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாரும் வாக்களித்தனர்.

1921இல் திருநெல்வேலியில் அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமானது. அவர் வாக்குரிமை மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கு கற்றுப் பட்டம் பெற்றனர்.

நினைவிற் கொள்க

1879 - நியமன உறுப்பினர்
1911, 1917 - படித்த இலங்கையர் ஆசனம், தேர்தல்
1921 - நியமன உறுப்பினர்
1924 - வட மாகாண வடபகுதி, தேர்தல்

பயிற்சி வினா

1911இல் இராமநாதன் வெற்றி பெற்றமைக்கும், 1931இன் சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமைக்கும் உரிய காரணங்களை விளக்குக.

விடை எழுதும்போது அவரைப் புகழ்வதோடு நின்றுவிடாதீர்கள். இகழ்வதோடும் நின்றுவிடாதீர்கள். 3000 பேர் வாக்களித்த நாட்டில் ஒருவர் எவ்வாறு வென்றார், எல்லோரும் வாக்களிக்கும் நாட்டை அவர் ஏன் அஞ்சினார் என்பதைக் காரண காரியத்துடன் எழுதுங்கள். புள்ளிகள் அங்கேதான் உள்ளன.