மாணவர்களை வார்டுக்கு அழைத்துச் சென்ற மேதை
டாக்டர் ஆஸ்லரின் வாழ்க்கை

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அமெரிக்காவின் பல வைத்தியக் கல்லூரிகளில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. பேராசிரியர் மேடையில் நின்று பிரசங்கம் செய்வார். மாணவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். ஒரு நோயாளியின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு! அவர்களிடம் சிக்கிய நோயாளிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சர் வில்லியம் ஆஸ்லர்.

பாதிரியாரின் மகன்

கனடா நாட்டில், ஒண்டாரியோ மாகாணத்தில், 1849-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி ஆஸ்லர் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியாராகவே எண்ணினார்.

பள்ளிக்கூடத்தில் ஜான்சன் என்ற ஆசிரியர் அவர் மனத்தை மாற்றினார். குளம் குட்டைகளில் நீரை எடுத்து வந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் நெளியும் சிற்றுயிர்களைக் காட்டினார். டொராண்டோவில் போவெல் என்ற டாக்டர் தம் புத்தகங்களை எல்லாம் அவருக்குத் திறந்துவிட்டார். இந்த இரு குருமார்கள் ஊட்டிய ஆர்வம் ஆஸ்லரை வைத்தியத் துறைக்கு இழுத்தது. 1872-ல் மான்ட்ரீல் நகரிலுள்ள மெக்கில் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார்.

பிறகு லண்டன் சென்று, ரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய தட்டணுக்களை ஆராய்ந்து எழுதினார். அப்போது அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை.

அம்மை வார்டு சம்பளம்

1874-ல் மெக்கிலுக்கே ஆசிரியராகத் திரும்பினார். மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் இல்லை. பலரும் அஞ்சி ஒதுங்கும் பெரியம்மை வார்டில் ஆஸ்லர் வேலையை ஏற்றார். அவருக்கே அம்மை கண்டது. நல்ல வேளையாக லேசாகப் போயிற்று. அந்த வேலையில் கிடைத்த பணம் மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப்புகளாக மாறியது.

1889-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதன் தலைமை வைத்தியர் ஆஸ்லர். 1893-ல் அங்கே வைத்தியக் கல்லூரியும் தொடங்கியது. பெண்களும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ரத்தத்தையும் சளியையும் தாங்களே சோதித்துப் பழகினார்கள். நான்காம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் சில படுக்கைகள் ஒப்படைக்கப்பட்டன. நோயாளியின் வரலாற்றை விசாரித்து, உடம்பைப் பரிசோதித்து, தினமும் குறிப்பு எழுத வேண்டும். ஆஸ்லர் சுற்றி வரும்போது அவர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். கண்ணால் காணாததை ஊகித்துச் சொன்னால் அவரிடம் செல்லாது. சனிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் அவர் வீட்டிலேயே கூடிப் பேசுவார்கள்.

மாணவர் கண்ட உண்மை

இதன் பலன் 1896-ல் தெரிந்தது. ஆஸ்லரின் வார்டில் ஒருவர் காய்ச்சலோடும் கடும் தசை வலியோடும் படுத்திருந்தார். தாமஸ் பிரௌன் என்ற மூன்றாம் ஆண்டு மாணவர் அவருடைய ரத்த அணுக்களை எண்ணினார். வெள்ளையணுக்களில் ஈசினோபில் என்ற வகை சாதாரணமாக நூற்றுக்கு நாலைந்துக்கு மேல் போகாது. இவருக்கோ பாதிக்கு மேல் இருந்தது!

தசையைச் சோதித்தபோது உள்ளே டிரிக்கினா என்ற புழு இருந்தது. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் வரும் நோய் அது. 1897-ல் இந்தக் கண்டுபிடிப்பு பிரௌனின் பெயரிலேயே வெளிவந்தது. இன்றும் இந்த நோய்க்கு அது முக்கியமான அடையாளம். பட்டம் பெறாத மாணவர் உலகத்துக்கு ஒரு புதிய உண்மையைத் தந்துவிட்டார்!

புத்திர சோகம்

1892-ல் ஆஸ்லர் எழுதிய வைத்திய நூல் பெரும் புகழ் பெற்றது. பல நோய்களுக்கு மருந்தே இல்லை என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. அதைப் படித்த ராக்பெல்லரின் ஆலோசகர் திடுக்கிட்டார். 1901-ல் ராக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சி நிலையம் பிறக்க அந்த நூல் ஒரு காரணமாயிற்று.

1905-ல் ஆஸ்லர் ஆக்ஸ்போர்டு பேராசிரியரானார். 1911-ல் சர் பட்டம் வந்தது. ஆனால் 1917-ல் மகன் ரெவியர் 21-வது வயதில் போர்க்களத்தில் மாண்டார். எத்தனையோ பேர் பிள்ளைகளை வைத்தியராக்கிய தந்தைக்குத் தம் பிள்ளை மிஞ்சவில்லை. 1919 டிசம்பர் 29-ல் ஆஸ்லரும் மறைந்தார்.

அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்கள் மெக்கிலுக்குச் சென்றன. அவற்றின் நடுவே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களுக்கு வார்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் என்ற பெயர் ஒன்றே தமக்குப் போதும் என்று அவர் விரும்பினார். அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.