கள்ள நாணயக்காரர்களைப் பிடித்த விஞ்ஞானி

ஐசக் நியூட்டன் என்றதும் எல்லோர் நினைவிலும் ஆப்பிள் பழம் வந்து விழும். ஜவ்வாது மலைக்காரனான எனக்கோ காவலூர் வான்நோக்கு நிலையம்தான் முதலில் தோன்றும். 1986 சனவரியில் அங்கே திறந்து வைக்கப்பெற்ற, வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி, குழியாடியால் ஒளியைத் திரட்டுவது. ஆடி கொண்டு இயங்கும் தொலைநோக்கியை முதன்முதலில் செய்து முடித்தவர் நியூட்டனே. 1668-இல் செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்துத் தம் கையாலேயே அவர் மெருகேற்றிய ஆடியின் அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை!

உலோகம் பழகிய அந்தக் கைக்குப் பின்னாளில் வேறொரு வேலை வந்தது. நம் பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை.

1642 கிறிஸ்துமஸ் நாளில், தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை அவர். கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, 1687-இல் பிரின்சிப்பியாவை வெளியிட்டுப் புகழின் உச்சியை அடைந்தார். 1696-இல் லண்டன் டவர் கோட்டையிலிருந்த நாணயச் சாலைக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்போது இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகள் சீரழிந்து கிடந்தன. சம்மட்டியால் அடித்த பழைய காசுகளின் ஓரத்தை வெட்டி வெட்டி எடுத்ததால், பல காசுகளில் பாதி எடையே எஞ்சியிருந்தது. 1662 முதல் இயந்திரத்தில் அச்சிட்ட காசுகளுக்கு விளிம்பில் வரியோ எழுத்தோ பொறித்தார்கள். ஓரம் வெட்டினால் உடனே தெரிந்துவிடும். விளிம்பு பொறிக்கும் முறையை வெளியிடக்கூடாதென்று நாணயச் சாலையில் சத்தியமே வாங்கினார்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த இராமர் பட்டாபிஷேகக் காசு இன்று இணைய ஏலங்களில் விலை கூறப்படுகிறது. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. வார்த்த போலியானால் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியலாம். எடையும் ஒத்து வராமற் போகலாம். ஐயம் எழுந்தால் ஏலம் நடத்துவோரிடம் தெரிவிக்க வேண்டும். பணமே பறிபோனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

நியூட்டனிடம் திரும்புவோம். கள்ள நாணயக்காரர்களைத் துரத்தும் வேலை தமக்கு வேண்டாமென்று அவர் கருவூலத்திற்கு எழுதினார், விடவில்லை. அதன்பின் அவர் இறங்கிய வேகம் வியப்பூட்டுகிறது. 1698 சூன் முதல் 1699 இறுதிவரை நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகளைத் தாமே நடத்தினார். சிறைக்குள்ளும் ஒற்றர்களை வைத்தார்.

அவருக்கு வாய்த்த பெரிய எதிரி வில்லியம் சாலனர். ஆணி செய்யும் தொழிலில் தொடங்கிக் கள்ளக் காசில் செல்வனானவன். 1697-இல் இவன் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று, நாணயச் சாலையிலேயே ஊழல் என்றும், போலியைத் தடுக்கத் தன்னிடம் வழி உண்டு என்றும் வாதாடினான். என்ன துணிச்சல்! அவனுக்கு உள்ளே இடமளிக்கக் குழு சொல்லியும் நியூட்டன் மறுத்தார். முதல்முறை பிடித்தபோது சாட்சி நிற்கவில்லை, சாலனர் தப்பினான். பின்னர் நியூட்டன் கூட்டாளிகள், அவர்தம் மனைவியர் என ஒவ்வொருவராக அழைத்து வாக்குமூலம் வாங்கிச் சேர்த்தார். சோதனைச் சாலையில் அளவுகளைச் சேர்த்த அதே பொறுமை! 1699 மார்ச்சில் சாலனர் தூக்கிலிடப்பட்டான். அதற்குமுன் உயிர்ப்பிச்சை கேட்டு அவன் எழுதிய கடிதத்திற்கு நியூட்டன் பதில் எழுதவில்லை. கள்ளக் காசு இராசத் துரோகம் என்பது அன்றைய சட்டம். ஆயினும் அந்த மௌனத்தை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

1699 இறுதியில் நாணயச் சாலைத் தலைவரானார். 1717-இல் அவர் அளித்த அறிக்கை நம் நாட்டையும் தொடுகிறது. ஒரு பங்கு தங்கத்திற்கு இங்கிலாந்தில் பதினைந்து பங்குக்கு மேல் வெள்ளி. இந்தியாவில் பன்னிரண்டே பங்கு. ஆகவே வெள்ளி கப்பலேறிக் கிழக்கே போகிறது என்று கணக்குக் காட்டினார்.

முதுமையில், கள்ள நாணயக்காரர்கள் பற்றிய வாக்குமூலங்களைப் பெட்டி பெட்டியாகத் தீயிலிட்டார். உடனிருந்து உதவியவர் அவருடைய உறவுப் பெண்ணின் கணவர் கான்டூயிட். தீக்குத் தப்பியவை இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1727 மார்ச்சில், தம் 84-ஆம் வயதில், பதவியில் இருந்தபடியே நியூட்டன் காலமானார்.